எழுபதுக்கு முப்பது

ஆர்.கே.புரம், தில்லி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள கவிக்கு,

போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். கொழுந்தனார் நலமா? குவாஹாட்டிக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

இரண்டாம் பாடத்திலும் நீ எழுபத்தெட்டு, நான் ஐம்பத்தாறு. வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். இந்த ஆன்லைன் எம்.ஏ.வைப் பற்றி உனக்குச் சொன்னதே நான்தான். "கடைசியில் பெரிய பரீட்சை எதுவும் கிடையாது, ஒவ்வொரு பாடமும் முடிய முடிய மார்க் போட்டுவிடுவார்கள், சேரடி" என்று இழுத்து வந்தேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாகிவிட்டது. அத்தை நேற்றுக் கும்பகோணத்திலிருந்து போன் செய்து, "சின்னவ மூளைக்காரிடி பூங்கோதை" என்கிறார். என்னிடமே!

மூன்றாம் பாடத்தின் ஆய்வுக்கு, ஓரகத்திகள் என்று தெரியாமல் நம்மை ஜோடி சேர்த்திருக்கிறார்கள். யார் எவ்வளவு வேலை செய்தோம் என்று நூறை இரண்டு பங்காகப் பிரித்து, நீயும் நானும் தனித்தனியே எழுதித் தர வேண்டும். இருவர் எழுதியதையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அந்தப் பங்குப்படி மார்க் போடுவார்கள். பங்கு நாற்பதுக்குக் கீழே போனால் ஃபெயில். மறுபடி எழுதலாம், ஆனால் பாஸ் மார்க்குக்கு மேல் தர மாட்டார்கள், டிஸ்டிங்ஷனும் போச்சு. எனக்கு நீ தயவு காட்ட வேண்டாம்.

பூங்கோதை

குவாஹாட்டி
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோபத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். மலை மந்திர் பஸ் ஸ்டாப்பில் நின்று, "தீதி, ஏக் மினட்" என்று ஒவ்வொரு பெண்ணையும் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேள்வி கேட்டது நீங்கள். இங்கே உட்கார்ந்து அட்டவணை போட்டு அறிக்கை எழுதியது நான். பாதிப்பாதி என்பதுதான் நியாயம். ஆனாலும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்து எழுதப்போகிறேன், திட்டாதீர்கள். மாவடு அனுப்புகிறேன் என்றீர்களே, மறந்துவிட்டீர்களா?

உங்கள் தங்கை,
கவி

ஆர்.கே.புரம்
2 ஏப்ரல் 2025

கவி,

மாவடு கூரியரில் வருகிறது. பங்கு எழுதி அனுப்பிவிட்டேன். வெயிலில் நின்று காய்ந்தவள் நான். மனசாட்சிப்படிதான் எழுதினேன். எவ்வளவு என்று கேட்காதே. நீ எப்படியும் முதலில்தானே வருவாய்.

பூங்கோதை

குவாஹாட்டி
11 மே 2025

மதிப்பிற்குரிய பூங்கோதை அக்காவுக்கு,

மார்க் வந்துவிட்டது. இந்தப் பாடத்தில் வகுப்பிலேயே நீங்கள்தான் முதல். வாழ்த்துகள். நான் ஃபெயில்.

நீங்கள் பாதிப்பாதி எழுதுவீர்கள் என்று நம்பி, உங்களுக்கு எழுபது, எனக்கு முப்பது என்று எழுதினேன். சராசரியில் உங்களுக்கு அறுபது கிடைத்திருக்கும், நானும் நாற்பதில் தப்பித்திருப்பேன். நீங்களும் அதே எழுபது முப்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டேன். "இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை" என்றார்கள்.

அடுத்த பாடத்துக்கு வேறு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டேன். மாவடு வந்து சேர்ந்தது, இன்னும் பிரிக்கவில்லை. நேற்று அத்தையிடம் பேசினேன். பெரிய மருமகள்தான் முதல் என்று சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். இனிமேல் என் பேச்சை உங்களிடம் எடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
கவிப்ரியா