ஒண்ணும் வெளங்கல வே

கோபம் ஆறாத நண்பருக்கு,

விண்கப்பலும் மந்திரவாதியும் சேர்ந்து வரும் அந்த நாவலின் நான்காம் பாகம் நம் வாடகை நூலகத்துக்கு வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ‘அற்புதம்’, அடுத்தவருக்கு ‘சுத்த அறுவை’. உம் பென்சில் எழுத்தைத்தான் காணவில்லை.

மூன்றாம் பாகத்தில் நீர் ‘ஒண்ணும் வெளங்கல வே’ என்று எழுதியிருந்தீர். அதன் கீழே ‘மூளை இருந்தால் விளங்கும்’ என்று எழுதியவன் நான்தான். பாளையங்கோட்டையே படித்துச் சிரித்தது. அதன்பிறகு நீர் அந்த நூலகப் படி ஏறவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டாத்தான மத்தவன் புஸ்தகத்த எடுக்கான். அவர எங்க காணும்?” என்று நூலகக்கார அண்ணாச்சி கேட்டார். நீர் உவரிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தேன்.

புத்தகத்தை முடித்த அன்று பேச ஆளில்லாமல் வண்ணாரப்பேட்டை வரை நடந்து, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று, உம்மைப்போலவே எழுத்தைச் சாய்த்து, ‘ஒண்ணும் வெளங்கல வே’ என்று கடைசிப் பக்கத்தில் நானே எழுதினேன். கீழே பதிலடி கொடுக்கப் பென்சிலைச் சீவினேன். கை ஓடவில்லை.

முதல் பாகத்திலிருந்தே எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை வே.

இப்படிக்கு,
உம் எதிர்க்கட்சி