படிக்கல்லில் இருந்த பெயர்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது, இறங்க மனமில்லை. கடைசிப் படத்தின் மேகமூட்டத்துக்குக் கரித்தூள் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாலினியின் போன். நான் படம் வரையும் கதைப் புத்தகத்தைச் சென்னைப் பதிப்பகத்தில் பார்க்கும் எடிட்டர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஏழாவது படத்துல படிக்கட்டு மேல எழுத்து மாதிரி ஏதோ இருக்கு. எந்த மொழியும் இல்ல. ஏஐ போட்ட படத்துலதான் இப்படி வரும்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் ஒரிஜினல் காட்டுங்க. இல்லன்னா வேற ஆர்ட்டிஸ்ட்தான்."

கரியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வருட உழைப்பு. என்னைப் போய்!

எதைக் காட்டுவது? முழுப் படம் ஒரே தாளில் கிடையாது. சிறுமி ஒரு தாளில், பென்சில். மூட்டம் இன்னொன்றில், கரி. படிக்கட்டு, எங்கள் ஊர் மலைக்கோயில் படியில் மெல்லிய தாளைப் போட்டு மேலே பென்சிலால் தேய்த்து எடுத்த கல்லின் சொரசொரப்பு. மூன்றையும் ஸ்கேன் செய்து டேப்லெட்டில் அடுக்குவேன். நிறம் மட்டும் அதிலேயே.

மாலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து இருக்கத்தான் செய்கிறது. இடவலம் மாற்றினால்: "...வூர் ராஜம்மாள் உபயம்". யாரோ படி கட்டிக் கொடுத்தவர். தாளில் மங்கலாக இருந்தது, கறுப்பைக் கூட்டியதும் மேலே வந்துவிட்டது. தேய்த்ததில் வெளிறிய ஓரம் இடப்பக்கம் வந்தால்தான் வெளிச்சம் பொருந்தும் என்று டேப்லெட்டில் கல்லை இடவலமாகத் திருப்பிப் போட்டவள் நான்தான். மடச்சி.

புதன்

எழுத்தை நேராகத் திருப்பி மாலினிக்கு அனுப்பினேன். மாலினி: "டேப்லெட்ல என்ன வேணா எழுதலாமே. தாள் வேணும்."

தேடியதில் கல்லைத் தேய்த்த தாள் கிடைத்தது. ஸ்கேன் ஆனதும் அதையே மை ஒத்தி எடுக்கப் பயன்படுத்தியிருக்கிறேன். முழுக்கக் கறுப்பு. அழுதேன்.

இவர் அரக்கோணம் டூட்டி முடிந்து வந்ததும் எல்லாம் சொன்னேன். "நீ வரையிறத பக்கத்துல குந்திகினு பாத்தவன் நானு. நா வந்து சொல்லட்டா?"

புருஷன் சாட்சி எடுபடுமா! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மறுபடி கல்லிலேயே தேய்த்து எடுக்கவேண்டும். எந்தப் படி? குறித்துவைக்கவில்லை. நாளை கிருத்திகை வேறு.

வியாழன்

விடிந்ததும் போனேன். அதற்குள் கூட்டம். முந்நூற்று அறுபத்தைந்து படி, எல்லாவற்றிலும் கால்கள், கற்பூரக் கறை, குங்குமம். குனிந்தால் இடிக்கிறார்கள். "வழி வுடும்மா, இன்னாத்த தொலச்ச?"

நூறு படிக்குமேல் இடுப்பு போயிற்று. பக்கத்தில் ஒரு அம்மா, பள்ளிப்பட்டிலிருந்து வந்தவள், மகளுக்கு வேண்டுதலாம், படிக்குப் படி மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள்.

"இன்னா தேடிகினு கீற?"

"கல்லுல வெட்டுன பேருங்க. தேஞ்சுபோச்சு, கண்ணுக்குத் தெரியல."

"எனுக்குப் படிக்கத் தெரியாது. வெரலு பள்ளத்துல எறங்குனா சொல்றேன், வா."

நாலைந்து பெயர் தட்டுப்பட்டது, எதுவும் இது இல்லை. மேல் மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே, "தே, இங்க பாரு." மஞ்சள் பள்ளத்தில் நிறைந்து எழுத்தாக நின்றது. மணவூர் ராஜம்மாள் உபயம்.

தாளைப் போட்டேன், தேய்த்தேன். ஈர மஞ்சள் ஊறிவிட்டது. பரவாயில்லை. கல், தாள், டேப்லெட், மூன்றையும் சேர்த்து ஒரே போட்டோ.

"இன்னா எழுதிக்குது?" படித்துச் சொன்னேன்.

"ராஜம்மாளா? நல்லா இருக்கட்டும்." ஒரு பொட்டு கூடுதலாக வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போனாள்.

வெள்ளி

தூறல். நேற்று அனுப்பிய போட்டோவுக்குப் பத்து மணிவரை பதில் இல்லை. இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டேன்.

மாலினி: "நம்பறோம். சாரிங்க. ஆனா அந்த எழுத்தை மட்டும் அழிச்சிடுங்க. படிக்கிறவங்களும் ஏஐன்னுதான் நினைப்பாங்க."

அழிப்பான் அளவைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஒரே இழுப்பு. கை போகவில்லை.

கல்லை நேராகத் திருப்பிவிட்டேன். வெளிச்சம் வலப்பக்கம் போய்விட்டது. சிறுமியின் நிழல் தப்பு, மூட்டம் தப்பு. எல்லாம் தாளிலிருந்து மறுபடி.

மாலினிக்கு: "அழிக்கமாட்டேன். எழுத்தை நேராக்கிட்டேன், இனி படிக்க வரும். மறுபடி வரைய டைம் வேணும்."

மாலினி: "திங்கட்கிழமை காலை. அதுக்கு மேல முடியாது."

புதுத் தாள். முதலில் சிறுமியின் முகம்.