நெல்லூரிலிருந்து வந்த சமர்ஸ்கைட்

இன்று வங்காளிகளின் ஹோலியான டோல் பண்டிகை. மாடி வீட்டு மருமகள் என் காலில் ஆபீர் வண்ணப் பொடி வைத்து நமஸ்கரித்துவிட்டுப் போனாள். பொடியில் கலந்திருந்த காக்காப்பொன், அந்த மைக்காத் தூள், வெயிலில் மினுங்கியது. அதைப் பார்த்ததிலிருந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடியவில்லை.

நீங்கள் அன்று கொண்டுவந்த கறுப்புக் கல்லும் காக்காப்பொன் சுரங்கத்திலிருந்துதான் வந்தது, நெல்லூர்ப் பக்கம். கனிம அலுவலகத்தில் படிகங்களை அளந்து பெயர்ச்சீட்டு எழுதுவது உங்கள் வேலை. உங்கள் கண்ணில் புரை படர்ந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி, பித்தளைக் கோணமானியோடு இந்தக் காளிகாட் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"துரை இதைக் கொலம்பைட்னு முடிவு பண்ணிட்டார். கோணத்தை மட்டும் பார்த்துச் சொல்லு, எழுதிடறேன்."

கல் பெரிதோ சிறிதோ, ஓர் இனத்தில் அதே இரண்டு பட்டைகள் சந்திக்கும் கோணம் மாறாது என்பீர்கள். கருவியின் இரு கைகளையும் பட்டைகளில் பொருத்தினேன். கொலம்பைட்டுக்குப் புத்தகம் சொன்ன கோணம் அங்கே இல்லை.

"சரியாப் பாரு."

"மூணு தரம் பார்த்துட்டேன், ஏன்னா. துரை சொன்னது இல்லை இது."

அப்படி எழுதினால் துரை தன் எதிரிலேயே உங்களை அளக்கச் சொல்வார்; கண் விஷயம் வெளிப்பட்டுவிடும். நம் இருவருக்கும் அது தெரியும். புத்தகத்து எண்ணையே சொல்லிவிடலாமா என்று வாய் திறந்து, மூடினேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"இருக்கறதைச் சொல்லு" என்றீர்கள். சொன்னேன்.

மறுநாள் பயந்ததே நடந்தது. கோணமானியின் கோடுகள் தெரியாமல் தடுமாறினீர்களாம். துரை தாமே அளந்து பார்த்தார். நான் சொன்ன கோணம்தான் வந்தது. கண் தெரியாதவருக்கு இங்கே வேலை இல்லை என்று உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு கல்லை இருட்டறையில் போட்டோத் தகட்டின்மேல் வைத்தார்களாம். உள்ளே யுரேனியம் இருந்ததால் தகடு கறுத்தது. அபூர்வமான சமர்ஸ்கைட் என்று வேறு இனத்தில் சேர்த்தார்கள். பெயர்ச்சீட்டை வேறு யாரோ எழுதினார்கள்.

வேலை போன அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீ பார்த்தது சரி" என்றீர்கள். நான் நிமிராமல் அடுக்களைக்குள் போய்விட்டேன். அதன்பிறகு நீங்கள் உயிரோடு இருந்த நாலு வருஷமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் யாரிடம் எதைச் சொன்னாலும் உடனே அவர்கள் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். அன்று உங்கள் முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்துவிட்டேன். சந்தோஷமாகச் சொன்னீர்களா, கோபமாகவா?