பூஜ்யம் போட்டுப் பார்

22 ஜனவரி 1974

கணக்குப் புத்தகம் வந்துவிட்டது. கொழுந்தன் துளசிராமன்தான் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் கோட்டை விட்டபோது இருந்த புத்தகம் இல்லை இது. கிராஃப் தாளில் கோடு போடச் சொல்கிறார்கள். போட்ட பிறகு கோட்டுக்கு ஒரு பக்கமாகப் பென்சிலால் தேய்க்கவும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

25 ஜனவரி

இதையெல்லாம் எழுதி வைப்பதற்குக் காரணம், காலையில் நடந்தது சாயங்காலம் நினைவில் நிற்பதில்லை. தண்ணீர் பிடித்தேனா என்று தவலையைத் திறந்து பார்க்கிறேன்.

அவர் ஐப்பசியில் காமாலையில் போனார். மெட்ராஸில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. அந்த வேலையை வீட்டில் ஒருவருக்குத் தருவார்களாம். ஜூன் மாதத்துக்குள் நான் கணக்கில் பாஸ் செய்து காட்டினால் எனக்கு. இல்லையென்றால் துளசிராமனுக்கு. அவன் ஒரே தடவையில் பாஸ் செய்தவன். கவரைப்பேட்டை ரோட்டில் லாரி பட்டறையில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அத்தைக்குத் தன் சின்னப் பிள்ளைக்கே கிடைக்க வேண்டும் என்று ஆசை. ஒளித்துப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. “அவனுக்கு வந்தா உன்னயும் சேத்துத்தான் பாத்துக்கப் போறான். நீ இன்னாத்துக்கு இந்த வயசுல கோடு போட்டுகினு கெடக்கிற?” என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவனுக்குக் கல்யாணம் ஆகும். வருகிறவள் என்னை எங்கே வைப்பாள்? அடுப்படியில்தான். அதற்கும் எனக்கு வருத்தம் வரவில்லை. வராததுதான் பயமாக இருக்கிறது. அதனால் படிக்கிறேன்.

3 பிப்ரவரி

2x + y = 6.

x-க்கு நாமாக ஓர் எண்ணைக் கொடுத்தால் y தானாக வருகிறது. பூஜ்யம் போட்டால் ஆறு. ஒன்று போட்டால் நான்கு. இரண்டுக்கு இரண்டு. தாளில் குறித்தால் எல்லாம் ஒரே வரிசையில் போய் உட்காருகின்றன. கோடு போட இரண்டு புள்ளி போதுமாம். மூன்றாவது, நம் தப்பைக் காட்டிக்கொடுப்பதற்கு.

நாள் முழுக்க இதே. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேறு எதுவும் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

10 பிப்ரவரி

ஒன்றும் இல்லை.

17 பிப்ரவரி

அசமன்பாடு என்று ஒன்று. 2x + y < 6. சமம் என்றால் கோடு. குறைவு என்றால் கோட்டுக்கு ஏதோ ஒரு பக்கம் முழுதும். எந்தப் பக்கம் என்று எத்தனை முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. வெட்கத்தை விட்டுத் துளசிராமனிடம் கேட்டேன். மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டு வந்து பென்சிலை வாங்கினான்.

“x-க்கும் பூஜ்யம், y-க்கும் பூஜ்யம் போட்டுப் பாருங்க அண்ணி. சரியா வந்திச்சின்னா அந்தப் புள்ளி இருக்கிற பக்கம். வரலன்னா அந்தாண்டப் பக்கம். அவ்ளோதான்.”

போட்டேன். பூஜ்யம் ஆறைவிடக் குறைவு. சரி. ஆதிப்புள்ளி இருக்கிற பக்கத்தைத் தேய்த்தேன். இவ்வளவு லேசா?

எல்லாக் கணக்குக்கும் இதுதானா என்று கேட்டேன்.

“எப்பவும்” என்றான்.

5 மார்ச்

பயிற்சியில் முதல் பாதி முடித்தேன். எல்லாமே பூஜ்யத்துக்கு மசிந்தன. மீதியும் இதே மாதிரிதான், வீணாகக் கிராஃப் தாளைத் தீர்க்காதீர்கள் என்றான் துளசிராமன். விட்டுவிட்டேன். வட்டிக் கணக்குதான் உதைக்கிறது.

அவர் சட்டைகளை அத்தை இன்று அவனுக்குக் கொடுத்தாள். தோள் கொஞ்சம் இறுக்கம். பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 ஏப்ரல்

பொன்னேரியில் பரீட்சை. முதல் வண்டிக்கே போய்விட்டேன். எங்கள் தெருவிலிருந்தும் பிள்ளைகள் எழுதப் போகிறார்கள். கிளம்புகிற நேரத்தில் நான் எதிரே வந்தால் அவர்கள் அம்மாமார் திரும்பக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார்கள். எதற்கு வம்பு? பிளாட்பாரத்தின் கடைசியில், முள்வேலிப் பக்கம் பார்த்து நின்றேன். நானும் பரீட்சைக்குத்தான் போகிறேன். என் எதிரே யார் வந்தால் என்ன சகுனமோ.

வட்டிக் கணக்கில் பாதிதான் வந்தது. பாஸ் மார்க்குக்குக் கிராஃபைத்தான் நம்பினேன். y > 2x. கோடு சுலபம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு. பிறகு பக்கம் பார்க்கப் பூஜ்யம் போட்டேன். பூஜ்யத்தைவிடப் பூஜ்யம் பெரிது என்று வந்தது. பெரிது இல்லை. சரி, அந்தாண்டப் பக்கம். எதற்கு அந்தாண்ட? ஆதிப்புள்ளி எந்தப் பக்கமும் இல்லை. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. எப்பவும் என்றானே. எப்பவும்னு சொன்னானே!

பூஜ்யத்தைத்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? கோட்டின் மேல் இல்லாத எந்தப் புள்ளியாக இருந்தால் என்ன? ஒன்று, பூஜ்யம் — அதைப் போட்டேன். இரண்டைவிடப் பூஜ்யம் பெரிதா? இல்லை. அப்படியானால் அது இல்லாத பக்கம். நம்பிக்கை போதாமல் அந்தப் பக்கத்திலும் ஒரு புள்ளி எடுத்தேன். பூஜ்யம், ஒன்று. பூஜ்யத்தைவிட ஒன்று பெரிது. சரி. தேய்த்தேன்.

சாயங்காலம் துளசிராமன் பட்டறையிலிருந்து வந்ததும் கிராஃப் என்ன வந்தது என்று கேட்டான். சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“அதுல பூஜ்யம் வேலைக்கு ஆவாதே அண்ணி.”

தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். “அன்னிக்கே தெரியும். வாயில வந்திச்சு. சொல்லல.”

அத்தைக்கு எதுவும் புரியவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாவி. நல்லவன் மாதிரி பென்சில வாங்கிப் போட்டுக் காமிச்சியேடா. வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும்போல இருந்தது. ஏசவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி ஒரு பசி. குழம்பில் உப்பு கூட. நான் வைத்ததுதான். இத்தனை மாதமும் இப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேனா? யாரும் சொல்லவில்லையே.

கோபம் போகவில்லை. போக வேண்டாம், இருக்கட்டும்.

14 மே

ரயில் ஸ்டிரைக். லைனில் ஆடுகள் மேய்கின்றன.

11 ஜூன்

பாஸ். அத்தை அழுதாள். எனக்காகவா அவனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

8 ஜூலை

வேலையில் சேர்ந்தேன். மூலையில் ஒரு மேஜை. மத்தியானம் பியூன் கோபால் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

“பூவராகவன் சார் சம்சாரமாம்மா நீங்க? எனுக்குன்னு ரெண்டு இட்லி தனியா வெச்சிகினு வருவாரு சார். ஒரு நாள் கூட மறந்தது இல்ல.”

வீட்டில் அவர், “எனக்குப் பசி அதிகம், கூட இரண்டு வை” என்பார். வயிறா பள்ளமா என்று கேலி செய்துகொண்டே வைப்பேன். கோபாலிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஐப்பசியில் வராதது, பதினாறாம் நாள் சுற்றி நின்று அழு அழு என்று உலுக்கியும் வராதது, ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வந்தது. யாரும் தடுக்கவில்லை. ஒரு அம்மாள் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார்.

கவரைப்பேட்டையில் இறங்கினால் துளசிராமன் சைக்கிளோடு நிற்கிறான். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறான், கையெல்லாம் கிரீஸ். என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதீங்களா என்றான். ஆமாம் என்றேன். பின்னால் உட்காரச் சொன்னான். வேண்டாம் என்று நடந்தேன். அவனும் ஏறாமல் தள்ளிக்கொண்டு வந்தான். கேட் தாண்டியதும், “அண்ணி, அன்னிக்கு நான்—” என்று ஆரம்பித்தான்.

“தெரியும். நட” என்றேன்.