மஞ்சள் துணியில் நீங்கள் முடிந்து வைத்த காசு

பிரியமுள்ள மாப்பிள்ளை ஒலெக்குக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கை எழுத ஆரம்பிக்கிறது. பழக்கம். நீங்கள் இப்போது இருக்கிற இடத்துக்கு என்ன கேட்டு எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் பள்ளிக்கூடம் போனவளும் இல்லை. மளிகைக் கடைப் பொட்டலத் தாளை விரித்து வைத்துத் தானாகப் படித்தவள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம்.

உயிரை விட்டதற்கு இல்லை. அந்தக் கோபத்தை உங்கள் மனைவியும் உங்கள் அம்மாவும் பங்கு போட்டுக்கொண்டார்கள், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. என் கோபம் வேறு. எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், காளியம்மன் படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைத்தீர்களே, அதற்கு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜவ்வாது மலையில் ஏதாவது வேண்டிக்கொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி முன்னால் வைப்போம். என்ன கேட்டோம், நடந்தால் என்ன செய்வோம் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைப்போம். நடந்துவிட்டால் கோயிலில் முடிச்சை அவிழ்த்துச் சொன்னதைச் செய்ய வேண்டும். நடக்காவிட்டால் காசை ஓடுகிற தண்ணீரில் போட்டுவிடலாம், குற்றம் இல்லை. வேண்டியவருக்கே ஒன்று ஆகிவிட்டால் வீட்டார் செய்வார்கள். சொல்லிவைப்பதே அதற்குத்தானே?

நீங்கள் சொல்லவில்லை, மாப்பிள்ளை.

அந்தத் தை மாதம் குழந்தை நதியாவுக்குக் காது குத்த, நீங்கள், என் மகள் மலர், குழந்தை என்று மூன்று பேரும் வந்திருந்தீர்கள். வாயில் நுழையாமல் உங்கள் மாமா உங்களை ‘உலகு’ என்று கூப்பிட, ஊரே உலகு என்றது. துபாயில் லிப்ட் பொருத்திய கையால் எங்கள் கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டீர்கள். அது இன்றுவரை சத்தம் போடவில்லை. உங்கள் நாட்டில் சண்டை வரும்போல் இருக்கிறது என்று பேச்சு வந்ததும், மலரையும் குழந்தையையும் எங்களிடம் விட்டுவிட்டு, “பத்து நாள், அத்தை. அம்மா கூட்டி வர்றேன்” என்று கிளம்பினீர்கள்.

கிளம்புகிற காலையில் மாடத்துக்கு முன்னால் குனிந்து நின்றீர்கள். நதியா பிறக்கும்போது நான் காசு முடிந்த கதையை மலர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள், கேட்டுவிட்டு, “சாமிக்கு அட்வான்ஸா?” என்றீர்களாம். என் கோயில் துணியில் ஒரு முழம் கிழித்து எடுத்துக்கொண்டதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை. என்ன வேண்டினீர்கள் என்று மலர் கேட்டதற்குச் சிரித்தீர்களே, அங்கேதான் எல்லாம் கெட்டது.

“சொன்னா பலிக்காதாம்மா. அவங்க ஊர்ல அப்படியாம்” என்றாள் மலர்.

“இது அவங்க ஊரா? நம்ம காளிகிட்ட நம்ம முறைதான்னு சொல்லு” என்றேன். அதற்குள் திருப்பத்தூர் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டது. கையை ஆட்டிக்கொண்டே ஏறினீர்கள்.

பத்து நாளில் வருவதாகச் சொன்ன மனிதர் அங்கே போன கையோடு சண்டை தொடங்கிவிட்டது. ஆண்கள் நாட்டை விட்டு வரக்கூடாது என்றார்கள். சரி, உங்கள் தப்பில்லை. ஆனால் யாரும் பிடித்து இழுக்காமல் நீங்களாகப் போய் ஏன் பட்டாளத்தில் பேர் கொடுத்தீர்கள்? கொடுத்தது போகட்டும், என்னிடம் ஏன் பொய்? “கிச்சன் வேலை, அத்தை. உருளைக்கிழங்கு” என்றீர்கள் போனில் முகம் காட்டி. நானும் நம்பினவள் மாதிரி, உருளைக்கிழங்கில் கடுகு தாளிக்கச் சொல்லிக்கொடுத்தேன். பின்னால் இரும்புத் தொப்பி தொங்குவது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? வீட்டில் ஒரு படி சாமை குறைந்தால் கண்டுபிடிக்கிறவள் நான். கேட்டால் நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று கேட்காமல் விட்டேன்.

செய்தி வந்தது புளி உலுக்குகிற நாளில். எங்கள் வீட்டுக்குள் போன் எடுக்காது, பாறைமேல் ஏற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏறிப் பேசப் போன மலர் இறங்கி வரவே இல்லை. நான் போய்க் கூட்டி வந்தேன். உடல் உங்கள் ஊரிலேயே மண்ணுக்குப் போனது. இங்கே உங்கள் நீலச் சட்டையை வைத்துக் காரியம் செய்தோம். “எங்கியோ நடக்கிற சண்டைக்கு இங்க கருமாதியா? நம்ம பையன் எவனுக்காவது குடுத்திருந்தா இந்த கதி வந்திருக்குமா?” என்று என் நாத்தனார் கேட்டாள். “உன் மருமகன் உள்ளூர்தான். உன் பொண்ணு எந்த கதியில இருக்கிறான்னு போய்ப் பாரு” என்றேன். காரிய வீட்டில் சொல்லக்கூடாத பேச்சு. சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த முடிச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. தினமும் விளக்கேற்றும்போது கண்ணில் படும். நீங்கள் கேட்டது நடந்ததா, நடக்கவில்லையா? எனக்கு அது தெரிய வேண்டும்.

“சண்டைக்குப் போறவன் இன்னா கேப்பான்? உசுரோட திரும்பி வரணும்னுதான் கேட்டிருப்பான். வரலை. தண்ணியில போட்டுட்டு வேலையப் பாப்பியா, அதையே முறைச்சிக்கினு நிப்பியா?” என்றார் உங்கள் மாமா.

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் என் காளி, வாசல் தேடி வந்த பிள்ளை கேட்டதைக் கொடுக்கவில்லை என்று ஆகிறது. இத்தனை வருஷம் ஒரு நாள் தவறாமல் விளக்குப் போட்டவள், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வேறு ஏதாவது கேட்டு, அது நடந்தும் இருந்து, செய்ய வேண்டியதை நாங்கள் செய்யாமல் இருந்தால்? அதுவும் பாவம். பூசாரியிடம் எடுத்துப் போனேன். அவர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லிப்ட் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சோ என்னவோ, நுனியே தெரியவில்லை.

“இன்னாம்மா இது, பூட்டு போட்ட மாதிரி கீது? வேண்டினவரும் இல்ல, வேண்டினது இன்னான்னும் தெரியாது. நான் எதைச் சொல்லி அவுக்கிறது? எடுத்துக்கினு போ” என்றார்.

எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தேன். விளக்கு மட்டும் ஏற்றினேன். பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டேன். அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

இனி உங்களுக்குத் தெரியாத சேதி. உங்கள் அம்மா ஹலினா இங்கே இருக்கிறார். ஆமாம், எங்கள் வீட்டில். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம், கோழிகளை யார் பார்ப்பது, உன் அப்பா சமாதியை யார் பார்ப்பது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உங்களை மண்ணுக்குக் கொடுத்த பிறகு, நதியாவைப் பார்க்க வேண்டும் என்று தானே கேட்டார். விசாவுக்கு மலர் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும். ஒரு பெட்டி, ஒரு கம்பளிச் சால்வை, ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி. சாவியைப் பாவாடைப் பையிலேயே வைத்திருக்கிறார். தூங்கும்போதும்.

உங்கள் அம்மாவோடு குடும்பம் நடத்துவது லேசு என்று நினைக்காதீர்கள். ரசத்தில் தயிரை ஊற்றினார். நான் கோலம் போட்ட வாசலை, அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிட்டார். முட்டைக்கோஸ் ஒன்றைப் பானைக்குள் உப்புப் போட்டு அடைத்து, அது புளித்து வீடே நாறியது. “சம்மந்தி, திறக்காதே” என்று என்னையே அதட்டினார். தமிழில் அவருக்கு முதலில் வந்த வார்த்தைகள் அவை. ஆனாலும் புளி தட்டிக் கொட்டை எடுப்பதில் எனக்குச் சமமாக உட்காருகிறார். சுத்தியால் அடித்துக்கொண்டே அவர் பாஷையில் அவர் பேசுவார், என் பாஷையில் நான். உங்களைத்தான் இருவரும் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை நான் மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படத்தை நகர்த்தியதும் முடிச்சு கீழே விழுந்தது. உங்கள் அம்மா எடுத்தார். எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டைவிரலால் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டு ஏதோ கேட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மலர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“இதுதான் அந்தக் காசான்னு கேக்குறாங்கம்மா.”

“எந்தக் காசு? அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

மலர் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். உங்கள் ஊரில் குண்டு விழ ஆரம்பித்த சமயம், பட்டாளத்திலிருந்து போனில் உங்கள் அம்மாவோடு சண்டை போட்டீர்களாம். எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை என்றதும், “உன் பேரில் அந்த மலையில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். என் அம்மா இந்த வீட்டுக்கு வந்து, அத்தை பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வெளியே சொன்னால் பலிக்காது. இப்போது உன்னால் சொல்லிவிட்டேன், கெட்டுப்போயிற்று. இனி சாமி கொண்டுவராது, நீயாகத்தான் வர வேண்டும்” என்று கத்தினீர்களாம். அவர் பதிலுக்கு, “ஒரு காசுக்கு என்னை விற்றுவிட்டாயா?” என்று போனை வைத்துவிட்டாராம்.

மலர் சொல்லி முடித்தபோது நானும் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஹலினா அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் தோள்மேல் அவர் தோள் இருந்தது.

உயிரைக் கேட்கவில்லையா நீங்கள்? சண்டை வாசலில் நிற்கிறது என்று தெரிந்தும், சாமி முன்னால் குனிந்து நின்று, இதையா கேட்டீர்கள்?

எழுந்து மாடத்துக்கு முன்னால் போனேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளோடு பேசினேன். “கேட்டதைக் கொடுத்துட்டியா? இப்படியா கொடுக்கிறது? அம்மாவைக் கூட்டியாரச் சொன்னா பிள்ளையை எடுத்துக்கினா கூட்டியாருவ? உனக்கு அறிவு கீதா?” என்று கத்தினேன். உங்கள் மாமா ஓடிவந்து, “சாமியைத் திட்டாதடி” என்றார். “நீங்க சும்மா இருங்க. இது எனக்கும் அவளுக்கும்” என்றேன். உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அவரும் படத்தைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி ஏதோ கேட்டார். நல்ல வார்த்தையாக இருக்காது. மலர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். செய்தி வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள், அழுதுகொண்டே.

கேட்டது நடந்துவிட்டது. இனி முடிச்சை அவிழ்க்க வேண்டும். பதிலுக்கு என்ன தருவதாகச் சொன்னீர்கள்? அதை உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. காசு வைத்தாலே முடிந்தது என்று நினைத்துவிட்டீர்களா? திரும்பவும் பூசாரியிடம் போனேன். என்ன தருவது என்று பேசாத வேண்டுதலுக்குத் தலைமுடி கொடுத்தால் போதும் என்றார்.

“நான் தர்றேன்” என்றார் உங்கள் அம்மா, மலர் சொல்லி முடிப்பதற்குள்.

பொம்பளைகள் நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும், இந்த மலைக்குளிரில் மொட்டைத் தலையோடு எப்படி இருப்பார் என்று நான் வாதாடினேன். அவர் வெள்ளைப் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னதை மலர் மெதுவாகச் சொன்னாள்: “என் பிள்ளையைக் கொஞ்சமாவா குடுத்தேன்? முடியை மட்டும் ஏன் கொஞ்சமா குடுக்கணும்?”



ஆகவே மாப்பிள்ளை, இதுதான் ஏற்பாடு. வருகிற ஆடி வெள்ளியில் கோயிலுக்குப் போகிறோம். முடிச்சை வெட்டப் பூசாரி கத்திரிக்கோல் கேட்டார், தரமாட்டேன் என்றுவிட்டேன். எவ்வளவு நேரமானாலும் நானும் உங்கள் அம்மாவும் உட்கார்ந்து விரலாலேயே அவிழ்ப்போம். அவர் மொட்டை போடும்போது பக்கத்துப் பலகையில் நானும் தலையைக் குனிந்திருப்பேன். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. உங்கள் மாமா கேட்டால் குதிப்பார். திரும்பும்போது நதியா எங்கள் இருவர் தலையிலும் சந்தனம் பூசுவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

சாவியை நான் தொடமாட்டேன். உங்கள் அம்மா என்றைக்குப் போக வேண்டும் என்கிறாரோ, அன்றைக்குப் போகட்டும். அதுவரை என் பக்கத்தில்தான் உட்காருவார், நீங்கள் கேட்ட மாதிரியே. சண்டை போடாமல் வைத்துக்கொள்வேன் என்று சொல்ல முடியாது. ரசத்தில் தயிர் ஊற்றினால் சண்டைதான்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் யார் காசு முடிந்தாலும் என்னிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மாடத்தில் வைக்க முடியும். நதியாவுக்கும் அதே சட்டம்தான். சொன்னால் பலிக்காது என்று இங்கே எதுவும் கிடையாது. நீங்கள் உங்கள் அம்மாவிடம் கத்திச் சொன்னீர்கள். பலித்ததே.

உங்கள்மேல் கோபம் தீராத,
மாமியார் என்று ஒரு நாளும் நீங்கள் கூப்பிடாத,
உங்கள் அத்தை
ராணியம்மாள்