வரைபடத்தில் வைக்காத புள்ளி

அக்கா,

இந்த வாரம் முழுக்க ஹட்டனில் விடாத மழை. அலுவலக ஜன்னலோரம் நிற்கும் உங்கள் போத்தலைக் கையில் எடுத்தேன். அடியில் செம்மண் படிந்திருக்கிறது. குலுக்கினால் இன்னும் கலங்குகிறது.

மண்சரிவை முன்கூட்டிச் சொல்லும் கணினி வரைபடத்துக்குத் தகவல் திரட்ட, நோர்வூட் பக்கம் உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்த அன்று நீங்கள் கொடுத்தது. உங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால், மலையிலிருந்து வரும் பீலியில் பிடித்த தண்ணீர். "தண்ணி இப்பிடிக் கலங்குச்சுன்னா மேல மண்ணு அசையுதுன்னு அர்த்தம். ஒங்க மெசினுக்கு இது தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியாது. மழையின் அளவும் சரிவின் கோணமும்தான் அதற்குத் தெரியும்.

என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர் நீங்கள். அன்று கொழுந்தெடுக்கப் போகாமல் என்னோடு மலை ஏறினீர்கள். புதிதாக ஊற்று கிளம்பிய இடம், வெடித்த தரை என்று காட்டக் காட்ட, நான் டெப் கணினியின் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் செருப்பைக் கழற்றினீர்கள். "எங்க ஆளுங்கள இங்கதான் பொதைக்கிறோம். என் மூத்தவனும் இங்கதான் இருக்கான்" என்றீர்கள். அப்போதும் என் விரல் சும்மா இருக்கவில்லை. அங்கேயும் ஒரு புள்ளி வைத்தேன்.

அடுத்த வாரம் அச்சடித்த வரைபடத்தைப் பெருமையோடு கொண்டுவந்து விரித்தேன். நேரே அந்தப் புள்ளியில் விரலை ஊன்றினீர்கள்.

"இத நான் ஒங்ககிட்ட சொன்னேன். மெசின்கிட்ட சொல்லலியே?"

"ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டீங்களே அக்கா" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"தண்ணிக்குப் போட்டேன். இதுக்கு நான் ஒருத்தி எப்பிடிப் போடுறது? எல்லா வூட்டு ஆளும் அங்க கெடக்குது. நாளைக்கு ஆபத்தான எடம்னு செவப்பு பூசுவாங்க, அப்புறம் வேலி போடுவாங்க. எங்க பேருல எழுதின காணி ஒண்ணு இருக்கா, சண்ட போட?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் எல்லா லயத்தாரையும் கூட்டி, என்னை நடுவில் நிறுத்தி அனுமதி கேட்கவைத்தீர்கள். "படிச்ச புள்ளதான், கேக்கத்தான் தெரியல" என்று நீங்கள் சொல்ல, கூட்டமே சிரித்தது. முகம் சுட்டாலும் நானும் சிரித்துவைத்தேன். தண்ணீர்க் குறிகளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எச்சரிக்கை தோட்டத்து தொரை பங்களாவுக்குப் போகும் அதே நேரத்தில் லயத்துக்கும் வரவேண்டும் என்று முடிவானது. புதைக்கும் இடத்தைக் கொடுப்பதில்லை. அங்கே யாரும் குடியிருக்கவில்லை, எச்சரிக்க ஆளுமில்லை. எல்லாரும் கையெழுத்திட்ட கடிதத்தை அலுவலகத்தில் காட்டி அந்தப் புள்ளியை அழிக்கவைத்தேன்.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், உயிரோடு திரும்பவில்லை. போன மாசியோடு ஒரு வருசம் ஆகிவிட்டது.

நேற்று கொழும்பிலிருந்து புதிய மேலதிகாரி எழுதியிருந்தார். வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருப்பதைக் கணினியே காட்டுகிறதாம். உனக்குத்தான் இடம் தெரியுமே, ஒரு புள்ளி வைத்தால் போதும் என்கிறார். என் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பவரும் அவர்தான். பயமாகத்தான் இருந்தது. "அது என்னுடையது இல்லை சேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து அவர்களிடமே கேளுங்கள்" என்று பதில் போட்டேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன். நாம் போகும் வழியை அதுவும் குறித்துக்கொள்ளும் அல்லவா? உங்களை மகனுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். வழி எனக்கு மனப்பாடம். இந்த மடலிலும் அதை எழுதமாட்டேன், அக்கா.