காய்ச்சல் இறங்கிய நாள்

என் அன்பான அக்கா,

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், இன்று சுங்கை பினாங் பாசார் வரை தனியாக நடந்துபோய் மீன் வாங்கி வந்தார். நாள்பட்ட மீன். நீங்கள் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பீர்கள்.

லாரி மோதி இடுப்பு, தொடை, விலா எல்லாம் நொறுங்கிக் கிடந்த அந்த முதல் மூன்று நாள் நினைவிருக்கிறதா? உடம்பு கொதித்தது. முகம் வீங்கி எனக்கே அடையாளம் தெரியவில்லை. இத்தனை காயத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்கப் பார்த்து உடம்பு அளவு மீறிப் பொங்குகிறது, அந்த வீக்கம் நுரையீரலையும் கெடுக்கலாம் என்றார் டாக்டர். நான் அழுதேன். நீங்கள் புரியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிழைத்துவிட்டார் என்று நான் எல்லோருக்கும் போன் போட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம் வந்து இறங்கியது. என் அம்மா கையில் திருநீறு, கூடவே இருமல். வார்டு வாசலில் நீங்கள் மறித்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் என்ன டாக்டரா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

"டாக்டர் இல்லம்மா, டாக்டர் சொன்னதக் கேட்டவ. சண்ட போட்டுப் போட்டு அவன் உடம்பு இப்ப ஓஞ்சு கிடக்கு. ஒரு சளி போதும் லா, தம்பி போயிருவான்."

அம்மா திரும்பிப் போனார். நான் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். எவ்வளவு திமிர் எனக்கு! காலையில் நீங்கள், வேலை முடிந்து மாலையில் நான் என்று முன்பே முறை போட்டிருந்தோம். காலை முழுதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று பொறாமைகூடப் பட்டேன்.

உங்கள் கருமாதி முடிந்த அன்றுதான் அவர் சொன்னார்.

"அக்கா ஒரு நாளும் உள்ள வரல. அப்ப அதுக்குச் சளி. கண்ணாடிக்கு வெளிய நின்னு கையக் காட்டிக்கிட்டே இருக்கும்."

எப்படி அக்கா முடிந்தது? தூக்கி வளர்த்த தம்பி மூச்சுக்குத் திணறும்போது எப்படி அந்த வாசலைத் தாண்டாமல் நின்றீர்கள்? சத்தியமாக என்னால் முடிந்திருக்காது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேட்கிற முகத்தோடு நான் இல்லை, அதுதான் உண்மை.

தன்னை வாசலோடு திருப்பி அனுப்பிய கதையை அம்மா இன்னும் கல்யாண வீடுகளில் சொல்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். இனி அவர் அந்தக் கதையை எடுத்தால் மீதியை நான் சொல்வேன். அம்மா கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமல் போனாலும் சொல்வேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
மாலா